பத்தாவது எலும்பு

“எல்லாம் நல்லபடியாத்தானே முடிஞ்சுது மேடம். அப்புறம் எதுக்கு எனக்கு இவ்வளவு வெட்கமா இருக்கு?”

டீ ரூம் வாசலில் நின்றபடியே தாணுலிங்கம் கேட்டார். கையில் ஒரு கட்டு பனங்கிழங்கு.

ஹெப்சிபா மேடம் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ஆபரேஷன் செய்யும் பிரிவுக்கு அவர்தான் தலைமை. தாணுலிங்கம் அவரிடம் படித்து, அவரிடமே வேலைக்கு வந்து, பதினோரு வருஷமாக அவருக்கு அடுத்த இடத்தில் இருக்கிறவர். வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. மேடத்துக்கு ஐம்பத்திரண்டு, இவருக்கு நாற்பத்தாறு. வெளியே இவரைப் பார்த்தால் பத்து டாக்டர்கள் எழுந்து நிற்பார்கள். மேடம் முன்னால் மட்டும் உட்காரச் சொன்னால்தான் உட்காருவார்.

நானும் அந்த அறையில் இருந்தேன். என் பெயர் அருளப்பன். மயக்க மருந்து டாக்டர். டீ ரூமில் மயக்க மருந்து டாக்டர் இருந்தால் யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. மின்விசிறி மாதிரி எங்களையும் நினைத்துக்கொள்வார்கள்.

“கிழங்கு யாரு குடுத்தா?” என்றார் மேடம்.

“முத்துப்பேச்சி.”

மேடம் கட்டிலிருந்து ஒரு கிழங்கை உருவி, தோலை உரித்தார்.

“உக்காரு. சொல்லு.”

தாணுலிங்கம் உட்கார்ந்தார். சொன்னார். ஆபரேஷன் அறையில் நடந்ததில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் புதிது இல்லை. அன்று நான் அங்கேதான் இருந்தேன்.

*

முதுகில் ஆபரேஷன் செய்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. எலும்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். எதிலும் நம்பர் எழுதியிருக்காது.

கட்டி ஒன்பதாவது எலும்புக்கு நேரே இருக்கிறது என்று ஸ்கேன் சொல்லிவிடும். ஒன்பதாவது எது என்று நாம்தான் எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும். எண்ணிக்கை தப்பினால் நல்ல இடத்தைத் திறந்துவிடுவோம். உலகம் முழுக்கப் பெரிய பெரிய கைகளெல்லாம் செய்திருக்கிற தப்பு இது.

அதனால் மேடம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்.

கத்தி வைக்கும் முன்னால் முதுகில் ஓர் ஊசியைக் குத்தி நிறுத்துவார்கள். எக்ஸ்ரே மெஷினை மெல்ல நகர்த்தித் திரையில் எலும்புகளைப் பார்ப்பார்கள். ஒருவர் இடுப்பிலிருந்து மேலே எண்ணிக்கொண்டு வர வேண்டும். இன்னொருவர் கழுத்துப் பக்கத்திலிருந்து, முதல் விலா எலும்பில் ஆரம்பித்து, கீழே எண்ணிக்கொண்டு வர வேண்டும். ஊசியிடம் வந்து சேரும்போது இருவருக்கும் ஒரே எண் வர வேண்டும். வராவிட்டால் இருவரும் மறுபடி எண்ண வேண்டும். அதுவரை கத்தி கிடையாது.

மேலிருந்து எண்ணும் ஆள் டாக்டராக இருக்கக் கூடாது. அதுவும் மேடத்தின் சட்டம்தான்.

“டாக்டர் பிள்ளைங்க சீஃப் சொல்றதையே திருப்பிச் சொல்லும். அதுங்களுக்குப் பரீட்சை பாஸாகணும். சிஸ்டருங்களுக்கு என்ன பயம்?”

அப்படி மேடமே உட்கார வைத்து எண்ணப் பழக்கியவர்தான் ஜெயக்கொடி சிஸ்டர். எண்ணும்போது அவர் விரல் காற்றில் ஒவ்வொரு எலும்பாக இறங்கும். மாஸ்க்குக்கு உள்ளே உதடு அசைவது வெளியே தெரியும்.

ஆகஸ்டில் ஒரு நாள். மேடம் பரீட்சை வேலையாக வெளியூர் போயிருந்தார். மேஜையில் குப்புறப் படுத்திருந்தவர் முத்துப்பேச்சி, உப்பளத்தில் உப்பு சுமக்கிற அம்மா. வயது நாற்பத்தொன்று. இரண்டு காலும் மரத்து, நடை தள்ளாடி வந்து சேர்ந்திருந்தார். தண்டுவடத்துக்கு உள்ளே ஒரு கட்டி. ரத்தக் குழாய்களே சுருண்டு சுருண்டு உண்டான கட்டி. ஒரு சர்ஜன் வாழ்நாளில் நாலைந்து பார்த்தால் அதிகம்.

தாணுலிங்கத்துக்கு அது முதலாவது. காலையிலிருந்தே தரையில் கால் பாவவில்லை.

ஊசி குத்தியாயிற்று. எக்ஸ்ரே ஓடியது.

“ஒன்பது,” என்றார் தாணுலிங்கம்.

“பத்து சார்,” என்றார் ஜெயக்கொடி சிஸ்டர்.

“மறுபடி எண்ணுங்க.”

விரல் இறங்கியது. உதடு அசைந்தது.

“பத்துதான் சார்.”

தாணுலிங்கம் சிரித்தார். அவர் மறுபடி எண்ணவில்லை.

“சிஸ்டர் கையால இட்லி வாங்கினா நமக்கு லாபம்ப்பா. எண்ணும்போதே ஒண்ணு கூட வந்துரும்.”

ஆபரேஷன் தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் சிரித்தேன்.

“கத்தி,” என்றார் தாணுலிங்கம்.

சிஸ்டர் கொடுத்தார்.

எலும்பின் பின்பக்கத்தை எடுத்து, உள்ளே இருந்த உறையையும் திறந்தார்கள். வெள்ளை வெளேரென்று, ஒரு குறையும் இல்லாத தண்டுவடம். கட்டியைக் காணோம்.

என் மானிட்டர் மட்டும் பீப் பீப் என்றது.

தாணுலிங்கம் எக்ஸ்ரேயைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். இந்தத் தடவை அவரே மேலிருந்து எண்ணினார். பத்து. பிறகு கீழே இருந்து எண்ணினார். ஒன்பது. அப்போதுதான் பிடிபட்டது. விலா எலும்புகளுக்குக் கீழே, இடுப்புப் பகுதியில் சாதாரணமாக ஐந்து எலும்பு இருக்கும். நூற்றில் சிலருக்கு ஆறு இருக்கும். முத்துப்பேச்சிக்கு ஆறு. கீழிருந்து எண்ணினால் ஒன்று குறையும்.

ஜெயக்கொடி சிஸ்டர் ‘நான் அப்போதே சொன்னேனே’ என்று சொல்லவில்லை. அடுத்த கருவியை எடுத்துத் தயாராக நீட்டியபடி நின்றார்.

வெட்டை மேலே நீட்டி, ஒன்பதாவது எலும்பையும் எடுத்தார்கள். கட்டி அங்கே இருந்தது. தாணுலிங்கம் அதை எடுத்த விதத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தொட்டால் கொட்டுகிற ரத்தத்தைக் கொட்டவிடாமல், மூன்று மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழுசாக எடுத்தார். நாலாவது நாள் அந்த அம்மா இரண்டு கால் விரல்களையும் ஆட்டினார். மாதக் கடைசியில் நடந்தே வீட்டுக்குப் போனார்.

கதை இவ்வளவோடு நின்றிருந்தால் தாணுலிங்கம் பனங்கிழங்கோடு வந்து நின்றிருக்க மாட்டார்.

*

“வெளிய வந்ததும் வீட்டுக்காரர் நின்னுட்டிருந்தாரு மேடம். கொம்பையான்னு பேரு. ஏன் சார் இவ்வளவு நேரம், வெட்டு இம்புட்டுப் பெருசுங்குதாங்களேன்னு கேட்டாரு.”

“ம்.”

“கட்டி வளர்ந்துருச்சுன்னு சொன்னேன்.”

மேடம் கிழங்கின் நடு நாரை உருவித் தட்டில் போட்டார்.

“அதோட விட்டிருக்கலாம். மூணு மாசம் முன்னால கூட்டிட்டு வந்திருந்தா சின்ன வெட்டோட முடிஞ்சிருக்கும்னு சொல்லிட்டேன். வாயில வந்துருச்சு மேடம். நாம எல்லாருக்கும் சொல்றதுதானே.”

அந்த அம்மா நிஜமாகவே மூன்று மாதம் காலை மறைத்து வைத்திருந்தார். உப்பு வாருகிற சீசன், முடியட்டும் என்று இருந்திருக்கிறார். ஆகவே பொய் ரொம்பப் பொருத்தமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

“இன்னைக்கு ஓ.பி.க்கு வந்தாங்க. நடை நல்லா இருக்கு. ஆனா முதுகு வலி விடலை. எடுக்க வேண்டாத எலும்பை எடுத்தோம்ல. அதுதான். குனிய முடியலை, தண்ணிக்குடம் தூக்க முடியலை.”

“ம்.”

“இந்தக் கிழங்கை மேசையில வெச்சிட்டு, ரெண்டு கையையும் கூப்பி, என்னை மன்னிச்சிருங்க சார்னாங்க மேடம்.”

மேடத்தின் கை நின்றது.

“எதுக்கும்மான்னு கேட்டேன். ‘பிந்தி வந்து ஒங்களையும் பாடாப் படுத்திட்டேன்லா’ன்னாங்க. கொம்பையா பக்கத்துலயே நின்னு, ‘இவ செஞ்ச வேலைக்கு இவளே அனுபவிக்கட்டும் சார்’னு சொன்னாரு. நான் பரவாயில்ல பரவாயில்லன்னு சொல்லி அனுப்பி வெச்சேன்.”

தாணுலிங்கம் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

“நான் அவங்களை மன்னிச்சு அனுப்பியிருக்கேன் மேடம்.”

நான் என் டீ டம்ளருக்குள் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

“உங்களுக்குத் தெரியாதுன்னு நெனைச்சேன்,” என்றார் தாணுலிங்கம், தப்பைக் கேட்டும் ஆச்சரியப்படாத மேடத்தைப் பார்த்து.

“டிசம்பர் மாநாட்டுல அபூர்வமான கட்டின்னு படம் போட்டுப் பேசினியே. மூணாவது வரிசையில நான் இருந்தேன். கட்டி ஒரு எலும்பு உயரம். எடுத்த எலும்பு ரெண்டு.”

“நீங்க ஒண்ணும் கேக்கலையே மேடம்.”

“நான் கை தட்டலை. நீ பாக்கலை.”

மேடம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

“நாளைக்கு முதல் கேஸ் எனக்குத்தானே?”

“ஆமா மேடம்.”

“ஊசியை நான் குத்துறேன். கீழேருந்து நீ எண்ணு.”

“சரி மேடம்.”

“தப்பா எண்ணு.”

*

மறுநாள் காலை. மேஜையில் ஒரு லாரி டிரைவர். நான் அவரைத் தூங்க வைத்துவிட்டு என் இடத்தில் நின்றேன். ஊசி ஏழாவது எலும்பில் நின்றது. திரையில் பார்த்தால் எனக்கே தெரிந்தது.

தாணுலிங்கம் திரையைப் பார்த்தார்.

“ஆறு,” என்றார்.

நான் ஜெயக்கொடி சிஸ்டரைப் பார்த்தேன்.

“ஆறு சார்,” என்றார் சிஸ்டர் உடனே.

விரல் எழவில்லை. உதடு அசையவில்லை.

மேடம் கையை நீட்டிக் கத்தியை வாங்கினார். பிறகு அதைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

“சிஸ்டர், நீங்க எண்ணினீங்களா?”

“சார் ஆறுன்னாங்க மேடம்.”

“நீங்க எண்ணினீங்களான்னு கேட்டேன்.”

சிஸ்டர் தட்டில் கத்தியை நேராக்கினார்.

“இல்லை மேடம்.”

“எப்போலேருந்து?”

சிஸ்டர் தாணுலிங்கத்தைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த கருவிகளைப் பார்த்துச் சொன்னார்.

“ஆகஸ்ட்லேருந்து மேடம்.”

ஆகஸ்டிலிருந்து ஜனவரி. நான் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். எத்தனை முதுகுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் எண்ணியதாக நோட்டில் எழுதியிருக்கிறோம். எண்ணியது ஒருவர்தான். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். என்னால் முடியவில்லை.

தாணுலிங்கத்தின் கண்ணாடி மூச்சுக் காற்றில் மூடிக்கொண்டது. ஸ்டெரைல் கையுறை போட்ட கையால் அதைத் துடைக்கவும் முடியாது. அப்படியே நின்று பேசினார்.

“சிஸ்டர், அன்னைக்கு நீங்க எண்ணினதுதான் சரி. நான் தப்பா எண்ணினதும் இல்லாம எல்லார் முன்னாலயும் உங்களைக் கேலி பண்ணினேன். எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கறேன். என்னை மன்னிச்சிருங்க.”

சிஸ்டர் தலையை ஆட்டினார். அது சரி என்றா, வேண்டாம் என்றா, எனக்குத் தெரியவில்லை.

“எண்ணுங்க,” என்றார் மேடம்.

விரல் மெல்ல எழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. பாதியில் தடுமாறி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

“ஏழு மேடம்.”

“ஏழு,” என்றார் தாணுலிங்கம்.

*

கேஸ் முடிந்து டீ ரூமுக்கு வந்தோம். பனங்கிழங்குக் கட்டு நேற்று வைத்த இடத்திலேயே இருந்தது. யாரும் தொடவில்லை.

தாணுலிங்கத்தின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

“புரிஞ்சிருச்சு மேடம். சிஸ்டர்கிட்ட மன்னிப்பும் கேட்டுட்டேன். இனிமே இப்படி நடக்காது.”

“வெட்கம் போயிருச்சா?”

அவர் யோசித்தார்.

“இல்லை.”

“அன்னைக்கு தியேட்டர்ல எத்தனை பேர் இருந்தீங்க?”

“முத்துப்பேச்சி கேஸ் அன்னைக்கா?” தாணுலிங்கம் விரல் மடக்கினார். “நான். கூட நின்ன பி.ஜி. டாக்டர் நிவேதன். அருளப்பன் சார். ஜெயக்கொடி சிஸ்டர். சாமான் எடுத்துக் குடுக்கிற சிஸ்டர் ஒருத்தங்க. எக்ஸ்ரே டெக்னீஷியன். தியேட்டர் அட்டெண்டர் பிச்சைக்கண்ணு. ஏழு பேர்.”

“தப்பு. மறுபடி எண்ணு.”

மறுபடி எண்ணினார். நானும் கூடவே எண்ணினேன். ஏழுதான்.

“வேற யாரும் வரலையே மேடம். கதவுகூட மூடித்தான் இருந்தது.”

“நீ உங்கிட்டருந்து ஆரம்பிக்கிற. கீழேருந்து எண்ணு.”

“பிச்சைக்கண்ணு ஒண்ணு. எக்ஸ்ரே டெக்னீஷியன் ரெண்டு…”

“அதுக்கும் கீழேருந்து.”

தாணுலிங்கத்துக்கு விளங்கவில்லை. அட்டெண்டருக்குக் கீழே எங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் கிடையாது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

மேடம் ஒரு கிழங்கை எடுத்து, இரண்டாக முறித்து, ஒரு பாதியை அவரிடம் நீட்டினார். இன்னொரு பாதியை என்னிடம் நீட்டினார்.

அதைக் கையில் வாங்கியபோது எனக்குத் தெரிந்துவிட்டது.

“எட்டு,” என்றேன்.

ஆறு மணி நேரம். அந்த அம்மாவின் ஒவ்வொரு மூச்சையும் நான்தான் உள்ளே அனுப்பி வெளியே எடுத்தேன். அதைத் தவிர அன்று எனக்கு வேறு வேலையே இல்லை. தியேட்டரில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால் அவரை நானும் எண்ணவில்லை. சர்ஜனைச் சொல்லி என்ன, நானல்லவா முதலில் நாண வேண்டும்.

தாணுலிங்கம் கிழங்கைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“அடுத்த மாசம் ஓ.பி.க்கு வருவாங்க மேடம். இல்லேன்னா போன் பண்ணி வரச் சொல்றேன்.”

“அந்த முதுகோட ரெண்டு பஸ் மாறி வரணும். எதுக்கு? நீ சொல்றதைக் கேக்கவா?”

மேடம் கப்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வார்டுக்குப் போய்விட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை தாணுலிங்கம் காரை எடுத்தார். என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அவர் வண்டியைக் கிளப்பினார்.

ஊர் முடிந்து உப்பளம் ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், ஓரத்தில் உப்புக் குவியல். கண் கூசியது. தாணுலிங்கம் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

“‘எதிர்பாராத விதமா ஒரு சிக்கல்’னு ஆரம்பிக்கலாமா சார்?”

“ஆரம்பிக்கலாம்.”

“‘உடலமைப்புல ஒரு வித்தியாசம் இருந்ததால எண்ணிக்கையில ஒரு சின்ன…’”

“சொல்லலாம். அந்தம்மா மறுபடியும் உங்ககிட்ட மன்னிப்புக் கேப்பாங்க. எலும்பு ஒண்ணு கூட வெச்சிருந்ததுக்கு.”

அவர் ஒத்திகையை விட்டார். வழியில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தினார். டீ சொன்னார். குடிக்காமலே திரும்பி வந்தார்.

வீடு ஓடு போட்ட சின்ன வீடு. கார் நிற்கிற சத்தம் கேட்டதும் முத்துப்பேச்சி வாசலுக்கு வந்தார். ஒரு கை இடுப்பில் இருந்தது. எங்களை அடையாளம் தெரிந்ததும் அந்தக் கையை எடுத்து அவசரமாகக் கும்பிட்டார்.

“சார்! நீங்களா? ஒரு வார்த்த சொல்லி விட்டிருந்தா நானே வந்திருப்பேன்லா?”

கொம்பையா உள்ளே இருந்து சட்டையை மாட்டிக்கொண்டே ஓடி வந்தார். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். பெரிய டாக்டர் வீடு தேடி வந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“இரிங்க சார், இரிங்க. ஏட்டி, மசமசன்னு நிக்காத. நான் போயி கலர் வாங்கிட்டு வாரேன்.”

வேண்டாம் என்று சொல்வதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் உட்கார்ந்தோம். முத்துப்பேச்சி நின்றார். உட்காருங்கள் என்று நான் சொன்னேன். “இருக்கட்டும் சார்,” என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வலி எப்படி இருக்கு?” என்றார் தாணுலிங்கம்.

“அது கெடக்கு சார். நான் தேடிக்கிட்டதுதான.”

தாணுலிங்கம் தரையைப் பார்த்தார். ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

“அம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால முதுகு எலும்பை எண்ணிப் பாக்கணும். நான் தப்பா எண்ணிட்டேன். கட்டி இல்லாத இடத்தைத் திறந்துட்டேன். அங்க ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்ச பிறகுதான் சரியான இடத்தைத் திறந்தேன்.”

முத்துப்பேச்சியின் கை கதவு நிலையிலிருந்து இறங்கியது.

“ஒரு சிஸ்டர் சரியா எண்ணிச் சொன்னாங்க. நான் கேக்கலை. சிரிச்சேன். வெட்டு பெருசா இருக்கிறது அதனாலதான். உங்களுக்கு முதுகு வலிக்கிறதும் அதனாலதான். கட்டி வளர்ந்துருச்சு, பிந்தி வந்துட்டீங்கன்னு நான் சொன்னது பொய்.”

வாசலில் ஒரு கோழி வந்து எங்கள் செருப்பைக் கொத்திவிட்டுப் போனது. முத்துப்பேச்சி அதை விரட்டவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“சாரும் அங்கனதான் இருந்தியளா?”

“இருந்தேம்மா.”

“ஒங்களுக்கும் தெரியுமா?”

“தெரியும்.”

“இத்தன மாசமும்?”

“ஆமாம்மா.”

அந்தக் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. இருபது வருஷம் எத்தனையோ பேரைக் கண் மூட வைத்திருக்கிறேன். ஒருவர் கண் திறந்து பார்ப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்றுகூட இருந்தது. அழுதாலும் பரவாயில்லை.

முத்துப்பேச்சி மெதுவாகக் கேட்டார்.

“அப்பம்… நான் பிந்தி வந்ததால இல்லியா சார்?”

“இல்லம்மா.”

“மூணு மாசம் முன்னாலயே வந்திருந்தா?”

தாணுலிங்கம் தலை நிமிர்ந்தார்.

“வந்திருந்தாலும் நான் அப்படித்தான் எண்ணியிருப்பேன். இதே தப்பைத்தான் பண்ணியிருப்பேன்.”

முத்துப்பேச்சி முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. சத்தம் வரவில்லை. முந்தானையை இறக்கிவிட்டுப் பேசினார்.

“அஞ்சு மாசமா ஏச்சு சார். இவுக ஏசுதாக. மாமியா ஏசுதா. பெத்த மகளும், நீயா இழுத்துக்கிட்ட வெனைதானம்மாங்குதா. ஒரு கொடம் தண்ணி தூக்கித் தாங்கன்னு யாருகிட்டயும் கேக்க வாயில்ல. ராத்திரி படுத்தா நானும் என்னைய ஏசிக்கிடுவேன்.”

தெருவில் சைக்கிள் மணி கேட்டது. கொம்பையா இரண்டு கையிலும் கலர் பாட்டிலோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

“கூலிங்கா இருக்கு சார், குடிங்க.”

“அதைக் கீழ வையும்,” என்றார் முத்துப்பேச்சி.

கொம்பையா திகைத்துப் போய் வைத்தார்.

“இங்கன வாரும். வந்து நில்லும்.”

வந்து நின்றார்.

முத்துப்பேச்சி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு தாணுலிங்கத்திடம் திரும்பினார்.

“சார், எங்கிட்டச் சொன்னத இவுக முன்னால இன்னொரு தடவ சொல்லுங்க.”

தாணுலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். முத்துப்பேச்சி அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகில் ஒரு கையை ஊன்றி, மெல்ல உட்கார்ந்துகொண்டார்.

“சொல்லுங்க,” என்றார்.